புல்லறுத்தவரைக் கேட்டவர்கள்

அறுவடை முடிந்த கோதுமை வயல். கட்டுகளெல்லாம் களம் சேர்ந்துவிட்டன. ஆனால், வயலின் நடுவே ஒரே ஒரு கட்டு மட்டும் தனித்து நிற்கிறது. மறதியால் விட்டதன்று, வேண்டுமென்றே நிறுத்தியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சஃபோக் வட்டாரத்து மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘போலீஸ்காரன்’. அது நிற்குமட்டும் வயலுக்குள் எவரும் கால் வைத்தல் ஆகாது. சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ளும் வழக்குரிமை ஏழைப் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் உண்டு. ஆனால், அந்தக் கட்டு அகன்ற பின்னரே உண்டு. அகன்றதும், ‘பொறுக்குவோர் அரசி’ எனப் பெயர் பெற்ற பெண்ணொருத்தி முன்னே நடப்பாள். ஊரின் வறுமை முழுவதும் பின்னே நடக்கும். முடியில்லாத அரசி, தடியில்லாத போலீஸ்காரன்! அவர்கள் முதுகு நிமிராமல் பொறுக்கிய கதிர்தான் மாவாகிக் குளிர்காலத்து ரொட்டியாயிற்று.

இச்செய்தியை எந்த அரசாங்கத்து ஏட்டில் தேடுவது? 1901 முதல் 1910 வரை இங்கிலாந்தை ஆண்ட ஏழாம் எட்வர்டு எந்த மாளிகையில் வேட்டையாடினார், எவரோடு விருந்துண்டார் என்பதை அறிய நூல்கள் மலையெனக் கிடக்கின்றன. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் கதிர் பொறுக்கியவளின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை அறிய வேண்டுமானால், பொறுக்கிய கைகளுக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும். கேட்டார்கள் சிலர். அவர்கள் கேட்டு எழுதிய நூல்களைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். பாராட்ட வேண்டியவை அவற்றில் பல; சண்டையிட வேண்டியவையும் சில உண்டு.

முதலாமவர் ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ். 1909-இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊராகிய அபர்கைனனில் பிறந்தவர். தந்தை மளிகைக் கடைக்காரர். 1920-களில் நிலக்கரித் தொழில் நொடித்தபோது, சுரங்கத் தொழிலாளர்க்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே அந்தக் கடையும் நொடித்தது. பசி இன்னதென்று அறிந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பதற்காகவே இதனைக் குறிக்கிறோம். 1948-இல் அவர் சஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் என்னும் சிற்றூருக்குக் குடிபோனார். மனைவி ஊர்ப்பள்ளியின் ஆசிரியை. கணவர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எழுதுபவர். பக்கத்து வீட்டில் ஒரு முதிய ஆட்டிடையரும் அவர் மனைவியும். மாலை வேளைகளில் அடுப்போரம் அமர்ந்து அவர்கள் பேசிய பழங்கதைகளைப் பொழுதுபோக்காகக் கேட்கத் தொடங்கிய எவன்ஸ், தாம் கேட்பது கதையன்று, வரலாறு என்பதை மெல்ல மெல்ல உணர்ந்தார். 1956-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரைத் தமிழில் சொன்னால், ‘புல்லறுத்தவரைக் கேளுங்கள்’ என்றாகும்.

நூலில் அரசியல் முழக்கமில்லை. ஆட்டு உரோமம் கத்தரித்தது எப்படி? வாரம் ஒருமுறை சுள்ளி எரித்துச் செங்கல் அடுப்பைக் காயவைத்து ரொட்டி சுட்டது எப்படி? பன்றி இறைச்சியை உப்பிலிட்டு ஆண்டு முழுவதும் காத்தது எப்படி? கலப்பைக்கு இடையூறான கற்களைப் பெண்டிரும் பிள்ளைகளும் வயல் வயலாகப் பொறுக்கிச் சில காசுகள் பெற்றது எப்படி? இவையே பொருள். சிறு செய்திகள் என்று தள்ளுவோர் தள்ளட்டும். உழவுத் தொழிலின் நுணுக்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நெடுஞ்சங்கிலி, எந்திரம் புகுந்த இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறுந்தது. அதன் கடைசிக் கண்ணிகள் 1880-களில் பிறந்த இம்முதியவர்கள் என்பது எவன்ஸின் துணிபு. அவர்கள் போனால், அவர்களோடு பல நூற்றாண்டுகளும் போகும்.

மொழியைப் பற்றி அவர் கண்டதை நம் வாசகர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பிளாக்ஸ்ஹால் முதியவர்களின் பேச்சை, படித்தவர் ‘கொச்சை’ என்று ஒதுக்கினர். எவன்ஸோ பதினாறாம் நூற்றாண்டில் உழவைப் பற்றிச் செய்யுள் இயற்றிய தாமஸ் டஸ்ஸர் என்பாரின் நூலை எடுத்து ஒப்பிட்டார். நூலில் அருஞ்சொற்பொருள் வேண்டிநின்ற சொற்கள், இந்த முதியவர்களின் நாவில் அன்றாட வழக்காக உலவின! பல்கலைக் கழகம் மறந்ததை மாட்டுக் கொட்டில் மறக்கவில்லை. நம் நாட்டிலும் புலவர் பொருள் தேடும் பழஞ்சொல் ஒன்று களத்துமேட்டில் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். ஆதலால் இதில் நமக்கு வியப்பில்லை, மகிழ்ச்சியே உண்டு.

அறுவடை ஒப்பந்தம் பற்றிய பகுதி இன்னொரு நல்ல பகுதி. ஒரு பண்ணையின் விளைச்சல் முழுவதையும் இன்ன தொகைக்கு அறுத்துத் தருகிறோம் என்று ஆட்கள் கூட்டாகப் பேசி முடிப்பர். அவர்கட்குத் தலைவன் ஒருவன். அவனுக்குப் பெயர் ‘பிரபு’. அடுத்து நிற்பவனும் ஆண்மகனே. ஆயினும் அவனுக்குப் பெயர் ‘சீமாட்டி’! பிரபுவின் அரிவாள் வீச்சுக்கு ஏற்பவே மற்றவரின் வீச்சும் அமையும். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு ஷில்லிங். இந்தப் பட்டப் பெயர்களைக் கேட்டு நகைப்பவர் நகைக்கலாம். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. ஆண்டின் பதினோரு மாதங்கள் தொப்பியைக் கழற்றி நின்றவன், கதிர் முற்றிய ஒரு மாதத்தில் மட்டும் பண்ணையாரோடு நேர்நின்று பேரம் பேசினான். மழை எப்போது வருமோ என்ற அச்சம் அந்த ஒரு மாதம் பண்ணையார் பக்கம் இருந்தது. அந்தப் பணத்தில்தான் ஆண்டு வாடகையும் பிள்ளைகளின் காலணியும். ‘பிரபு’ என்ற பெயர் வெறும் விளையாட்டா, அந்த ஒரு மாதத்தின் உண்மையா என்று எவன்ஸ் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

1960-இல் வந்த ‘ஏர்ச்சாலில் குதிரை’ என்னும் நூல், எம் கருத்தில், அவருடைய நூல்களுள் தலைசிறந்தது. சஃபோக்கில் உழவு மாட்டுக்கு உரியதன்று, குதிரைக்கு உரியது. அந்த மண்ணுக்கென்றே அமைந்த செந்நிறப் பெருங்குதிரைகளை ஓட்டிய குதிரைக்காரர்கள் ஊரில் தனி மதிப்புப் பெற்றவர்கள். அவர்களைப் பற்றி ஊரில் ஒரு நடுக்கமும் உலவியது. சிலருக்கு ‘மந்திரம்’ தெரியுமாம்! தவளையைப் பிடித்து, எறும்புப் புற்றில் இட்டு, எலும்பு மட்டும் எஞ்சியபின், நள்ளிரவில் ஓடும் நீரில் விடுவார்களாம். நீரோட்டத்தை எதிர்த்து மிதந்துவரும் எலும்பே மந்திர எலும்பாம். அதனை உடையவன் நடுத்தெருவில் ஒரு குதிரையை நிறுத்தி வைத்தால், அவனே வந்து விடுவிக்கும் வரை, எத்தனை பேர் இழுத்தாலும் அது அடியெடுத்து வைக்காதாம்.

இத்தகைய செய்தி கிடைத்தால் எழுத்தாளர் இருவகையாவர். ஒருவகையார் வாய்பிளந்து ‘ஆகா, மாயம்!’ என்று பக்கம் பக்கமாக எழுதிக் காசாக்குவர். மற்றொரு வகையார் ‘மூடர் பேச்சு’ என்று ஒரு வரியில் முடிப்பர். எவன்ஸ் இரண்டும் செய்திலர். குதிரை நின்றது உண்மை என்பதைப் பலர் வாயால் உறுதி செய்துகொண்டார். ஏன் நின்றது என்று பொறுமையோடு துருவினார். முதலில் வாய் திறவாதவர்கள் நாளடைவில் திறந்தனர். குதிரையின் மூக்கு மிகக் கூர்மையானது. மரநாய் இனத்துச் சிறு விலங்கொன்றின் ஈரல் போன்றவற்றிலிருந்து செய்த பொருளின் வாடையை அதன் முன்னே தடவிவிட்டால் அது நகராது. வாடையை நீக்கினால் நடக்கும். ரோஸ்மேரி, இலவங்கப்பட்டை, பெருஞ்சீரகம் முதலியவற்றின் எண்ணெயைக் கைக்குட்டையில் தேய்த்துக்கொண்டால் முரட்டுக் குதிரையும் பின்னால் வரும். எலும்பு வெறும் திரை. திரைக்குப் பின்னே நின்றது மூக்கைப் பற்றிய அறிவு!

ஆனால், திரை எதற்கு? இக்கேள்விக்கு விடை காணும்போதுதான் நூல் உயர்கிறது. நிலம் அவனுடையதன்று. குதிரை அவனுடையதன்று. குடியிருந்த வீடும் வேலை உள்ளவரைதான். வேலை போனால் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில். இந்த உலகில் அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து, பிறர் அறியாத அந்த அறிவு. வெளியிட்டால் மதிப்புப் போகும். மறைத்தால் பண்ணையாரும் ஒரு கணம் தயங்குவார். மூடநம்பிக்கை எங்கே பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? ஏமாற்றிப் பிழைப்பவனும் மந்திரம் என்கிறான். ஏதுமற்றவனும் மந்திரம் என்கிறான். முன்னவனை அம்பலப்படுத்துக. பின்னவனிடம், எவன்ஸைப் போல, அமர்ந்து கேட்க வேண்டும்.

இனிச் சண்டைக்கு வருவோம். அதே நூலில், குதிரைக்காரர்களின் பெருமிதத்தை எவன்ஸ் நெஞ்சு நெகிழ எழுதுகிறார். ஞாயிறுதோறும் அடுத்த பண்ணைகளின் வயலோரம் நடந்து, எவன் ஓட்டிய சால் கோணாமல் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார்களாம். குதிரையின் மேனி பளபளக்க வேண்டுமென்று, தங்கள் கைக்காசைச் செலவிட்டு மருந்தும் மூலிகையும் வாங்கி ஊட்டுவார்களாம். கைக்காசா? எவ்வளவு கைக்காசு? முதல் உலகப் போருக்கு முன் அந்த வட்டாரத்துப் பண்ணையாளின் வாரக் கூலி ஏறக்குறைய 13 ஷில்லிங். அதாவது ஒரு பவுனுக்கும் குறைவு. பிள்ளைகள் நிறைந்த வீடு. அந்தக் காசில் ஒரு பகுதி ஆண்டையின் குதிரைக்கு! தொழிற்பற்று என்று எவன்ஸ் இதனைப் போற்றுகிறார். தொழிற்பற்றுதான், மறுக்கவில்லை. ஆனால், தன் பிள்ளையின் கிண்ணத்திலிருந்து எடுத்து ஆண்டையின் குதிரைக்கு ஊட்டுமாறு ஒருவனைப் பழக்கிய ஏற்பாட்டைப் பற்றி ஒரு சொல்லாவது வேண்டாமா? மனைவி என்ன சொன்னாள் என்று ஒருமுறை கேட்டிருந்தால் இன்னொரு நூலே கிடைத்திருக்கும்.

எவன்ஸ் பசியை அறியாதவரல்லர், முன்னரே சொன்னோம். 1970-இல் வந்த மற்றொரு நூலில், அறுவடை முடிந்ததும் வேலையின்றி நின்ற சஃபோக் இளைஞர்கள், நெடுந்தொலைவிலுள்ள பர்ட்டன் நகரத்து மால்ட் ஆலைகளுக்குக் கூட்டங்கூட்டமாக ரயிலேறியதை அவர் எழுதியுள்ளார். இலையுதிர் காலத்தில் போய் வேனிற் பருவம் தொடங்கும்போது திரும்புவார்கள். புதுச்சட்டையும் வீட்டுக்குச் சிறு பரிசும் கொண்டுவருவார்கள். கண்டிச் சீமைக்குப் போனவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் புதுச்சட்டையின் பொருள் விளங்கும். எனினும், அங்கும் ஆலையின் வெப்பத்தைவிட ஆட்களின் உடல்வலிமைதான் எவன்ஸின் எழுத்தில் முன்னிற்கிறது. உழைப்பின்மீது அவர் கொண்ட காதல் உழைத்தவனின் வலியைச் சற்றே மறைத்துவிடுகிறது.

அந்தக் குறையை நிரப்ப வந்தது போல 1969-இல் வந்தது ரொனால்ட் பிளைத்தின் ‘ஏக்கன்ஃபீல்டு’. பிளைத் 1922-இல் சஃபோக்கிலேயே பிறந்தவர்; பண்ணையாட்களின் வழித்தோன்றல்; நூறாண்டு நிறைந்து 2023-இல் மறைந்தார். ஏக்கன்ஃபீல்டு என்றோர் ஊர் நிலப்படத்தில் இல்லை. சார்ஸ்ஃபீல்டு, டெபாக் என்னும் ஊர்களையும் அக்கம்பக்கத்தையும் இணைத்து, மாந்தரின் பெயர்களை மாற்றி, அவரவர் வாய்மொழியாகவே பேச விட்டிருக்கிறார். கொல்லன் பேசுகிறான், குழிவெட்டி பேசுகிறான், பழத்தோட்டக்காரனும் பேசுகிறான். எல்லோருக்கும் முன்னே, எழுபது கடந்த ஒரு பண்ணையாள் பேசுகிறார். நூலில் அவர் பெயர் லியோனார்டு தாம்சன்.

அவர் பேச்சைப் படித்தபின் ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சொல்ல எவருக்கும் நா எழாது. நெருக்கடியான சிறு வீடு, வாய் பல, ரொட்டி சில. 1914-இல் பண்ணையை விட்டுப் பட்டாளத்தில் சேர்கிறார். சேர்ந்த சில வாரங்களில் அவர் உடல் எடை கூடுகிறது! எண்ணிப் பாருங்கள்: சாவுக்குத் தயார் செய்த இடத்தில் கிடைத்த சோறு, வாழ்வதற்கென்று பிறந்த ஊரில் கிடைக்கவில்லை. நாட்டுப்பற்றால் இளைஞர்கள் திரண்டனர் என்று பாடநூல்கள் எழுதும். பண்ணையிலிருந்து தப்பினோம் என்ற களிப்பே தங்களிடம் மிகுந்திருந்தது என்று இவர் சொல்கிறார். 1915-இல் கலிப்பொலியில் இறங்கியபோது, எதிர்ப்பட்டவை புதைத்தும் புதையாத பிணங்கள். இதனை அவர் சொல்லும் அமைதி நம்மை உலுக்குகிறது. போரைப் பற்றி ஒரு படைத்தலைவர் எழுதிய நினைவுநூலும் இந்தச் சில பக்கங்களும் ஒரே தட்டில் வைக்கத் தக்கன அல்ல. இவற்றின் எடை மிகுதி.

அதே நூலில், பெரிய மாளிகையொன்றின் தோட்டத்தில் வேலை செய்தவர், மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் தோட்டக்காரர் எவரும் கண்ணில் படக்கூடாது என்பது கட்டளை என்கிறார். மலர் தெரியலாம், மலர்த்தியவன் தெரியலாகாது! அது 1940-களின் செய்தி, நூற்றாண்டின் தொடக்கத்ததன்று என்பது இன்னும் கசப்பானது. மாவட்டச் செவிலி ஒருத்தி, பழங்காலத்தில் முதியோரை வீடுகள் அன்போடு பேணின என்ற பேச்சையே உடைத்தெறிகிறாள்; மூலையில் ஒதுக்கப்பட்டார்கள் என்கிறாள். நம்புகிறோம். 1909 தொடங்கி எழுபது கடந்த ஏழையர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை அரசு உதவித்தொகை வந்தபோது, அஞ்சலகத்து வாயிலில் முதியவர்கள் கண்ணீர் மல்கியதை ஆக்ஸ்போர்டு வட்டாரத்து ஃபுளோரா தாம்சனும் எழுதியிருக்கிறார். அன்பு நிறைந்த வீடுகளாயின் ஐந்து ஷில்லிங்குக்கு அழுகை ஏன்?

பிளைத்தின்மீதும் நமக்கு வழக்குண்டு. அவருடைய கொல்லனும் தோட்டக்காரனும் குழிவெட்டியும் ஏறக்குறைய ஒரே அழகோடு பேசுகிறார்கள். அந்த அழகு பிளைத்தினுடையது. சொல்லுக்குச் சொல் பதிந்ததன்று நூல். கேட்டதை அவர் கோத்து, நகாசு செய்து, உரைநடைக் காவியமாக்கியிருக்கிறார். வரலாற்று ஆய்வாளர் சிலர் இதனால் முகம் சுளித்தனர். ‘இது இலக்கியம், ஏமாற்றன்று’ என்று மற்றவர் வாதாடினர். நம் தீர்ப்பு: இலக்கியமாகப் படிப்பவர்க்கு நட்டமில்லை, ஆனால், அதிலுள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து ‘ஒரு பண்ணையாள் சொன்னது’ என்று மேற்கோள் காட்டுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். எவன்ஸின் முதியவர்கள் இடறி இடறிப் பேசுகிறார்கள். அந்த இடறலை விட்டு வைத்த நேர்மை எவன்ஸினுடையது. 1974-இல் பீட்டர் ஹால் இந்நூலைப் படமாக்கியபோது, தொழில் நடிகர்களை விடுத்து அவ்வட்டாரத்து மக்களையே நடிக்க வைத்து, தாமாகவே பேசவும் விட்டார். நூலில் தேய்ந்த வட்டாரப் பேச்சு படத்தில் திரும்பி வந்தது எனலாம்.

மற்றொரு குறை பெரிது. இரண்டு ஆசிரியரிடமும் பெண்கள் ரொட்டி சுடுகிறார்கள், கல் பொறுக்குகிறார்கள், கதிர் பொறுக்குகிறார்கள். தம்மைப் பற்றிப் பேசுவது குறைவு. 1975-இல் மேரி சேம்பர்லைன், கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்புநிலச் சிற்றூர் ஒன்றில் பெண்களை மட்டுமே கேட்டு ‘ஃபென்விமன்’ என்னும் நூலை எழுதினார். விராகோ என்னும் பெண்கள் பதிப்பகத்தின் முதல் வெளியீடு அது. பள்ளி முடியுமுன்னே பிறர் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன சிறுமிகள், வயலிலும் வீட்டிலும் மாறி மாறி உழைத்த தாய்மார் ஆகியோர் தம் வாயால் தம்மைச் சொன்னார்கள். எழுத்தழகில் பிளைத்துக்குக் கீழே. தேவையில் எவருக்கும் கீழன்று.

முதியவர்களின் நினைவை நம்பலாமா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், ஏட்டை மட்டும் நம்பலாமா என்பதையும் உடன் கேட்க வேண்டும். ஒரு சான்று தருகிறோம். 1917-இல் பிரிட்டிஷ் அரசு தானிய உற்பத்திச் சட்டம் இயற்றி, உழவர்க்கு விளைபொருள் விலையையும், பண்ணையாட்களுக்கு வாரம் 25 ஷில்லிங் என்னும் குறைந்த அளவுக் கூலியையும் உறுதி செய்தது. கூலி 1920-இல் 46 ஷில்லிங் வரை ஏறியது. 1921-இல் அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது. விலை சரிந்தது, கூலி வாரியம் ஒழிந்தது, இரண்டே ஆண்டுகளில் கூலி மீண்டும் 25 ஷில்லிங் அளவுக்கு இறங்கியது. 1923-இல் பக்கத்து நார்ஃபோக்கில் பண்ணையாட்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தே அதற்கும் கீழே போகாமல் தடுத்தனர். இந்த 1921-ஐ வரலாற்று நூல்கள் ‘மாபெரும் துரோகம்’ என்று குறிக்கின்றன. யார் இட்ட பெயர்? விலை உறுதியை இழந்த நிலக்கிழார்களும் பெரும் பண்ணையாரும் இட்ட பெயர்! ஏறக்குறையப் பாதிக் கூலியை இழந்தவனின் சொல் எது? அது முதியவர்களின் நினைவில்தான் கிடக்கிறது. அவர்கள் ஆண்டை மாற்றிச் சொல்லலாம். எந்த வாரம் வீட்டில் இறைச்சி நின்றது என்பதை மாற்றிச் சொல்வதில்லை.

பால் தாம்சன் என்னும் ஆய்வாளர் இதனை உணர்ந்தே, 1906-க்கு முன் பிறந்த ஏறக்குறைய 500 பேரை நாடெங்கும் தேர்ந்து கேட்கச் செய்தார். 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எத்தொழிலார் எத்தனை விழுக்காடோ, அதே அளவில் தேர்வும் அமைந்தது. அதன் விளைவு 1975-இல் வந்த ‘எட்வர்டு காலத்தவர்’. ஊர் ஒன்றின் மணம் அதில் இல்லை. ஆனால், ஒரு கிழவரின் சொல்லை மற்றொரு கிழவியின் சொல்லோடும், இரண்டையும் கணக்கேட்டோடும் ஒட்டிப் பார்க்கும் முறை அதில் உண்டு. எவன்ஸிடம் இல்லாதது இதுவே.

எவன்ஸ் 1988-இல் மறைந்தார். அவர் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்நூல்களுள் ஒன்றைத் தமிழாக்க முனைவோர்க்கு ஒரு பரிந்துரை: ‘ஏக்கன்ஃபீல்டு’ கவர்ச்சியாக அழைக்கும், ஆயினும் முதலில் ‘ஏர்ச்சாலில் குதிரை’யை எடுங்கள். இடர்ப்பாடு மிகுதிதான். உழவுக்கென்று வகுக்கும் நிலப்பட்டியைச் சஃபோக்கார் ‘ஸ்டெட்ச்’ என்கிறார்கள். ஆங்கில அகராதி கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. நம் உழவர் ஏர் சுற்றிவரும் இடத்தைக் குறிக்கும் ‘விளா’ என்ற சொல் அதற்கு மிக நெருங்கி வருகிறது. சேணம், கடிவாளம் தவிரக் குதிரை ஏருக்குரிய பிற கருவிப் பெயர்களுக்கு என்ன செய்வது என்பதை, மாட்டு ஏர் பூட்டியவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலராவது இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்வது நலம்.